டீச்சர், இதுவும் காப்பிதானே?



உங்கள் டீச்சர் எப்போதாவது உங்கள் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறாரா? நான் நின்றிருக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியபோது ஒரு நாளும் நடக்காதது, ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டில் நடந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கதைக்குள்ளே ஒரு பென்குவினும் வருகிறது. ஒரு தாத்தாவும் பேரனும் வருகிறார்கள். வாருங்கள், கேளுங்கள்!

2019-ஆம் ஆண்டு. காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் என் வீட்டுக்குப் படிக்க வருவார்கள். அன்று ஒரு பையன், பக்கத்தில் இருந்தவன் நோட்டைப் பார்த்துக் கணக்கை அப்படியே எழுதிவிட்டான். விடுவேனா நான்? "காப்பி அடித்து நூறு வாங்குவதைவிட, சொந்தமாக எழுதி நாற்பது வாங்குவது மேல்!" என்று ஆரம்பித்து, ஒரு நீண்ட பிரசங்கமே செய்துவிட்டேன். பையன் பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரத்தில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மாதிரி வினாத்தாள் டைப் செய்துகொண்டிருந்தாள். அது என் மகன் உபயோகித்துவிட்டு எனக்குக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். ஒருமுறை அது கெட்டுப்போனபோது, டவுனில் ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருந்தேன். அதிலிருந்து திரையின் வலது மூலையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி தெரிந்துகொண்டே இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

அந்தச் சிறுமி எழுத்துக்கூட்டி அதைப் படித்தாள். "திஸ்... காப்பி... ஆஃப்... விண்டோஸ்... இஸ்... நாட்... ஜெனுயின்." பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "டீச்சர், ஜெனுயின் என்றால் உண்மையானது என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் இதுவும் காப்பிதானே?"

பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காப்பி அடித்த பையனும் தலையைத் தூக்கிப் பார்த்தான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆம் குழந்தைகளே! கடைக்காரர் காசு கொடுத்து வாங்காத திருட்டுப் பிரதியை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மறுநாள் போய்க் கேட்டேன். "ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் டீச்சர் வைத்திருக்கிறார்கள்" என்று சிரித்தார். முறையாக வாங்க வேண்டுமானால் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்றார். அந்தப் பழைய கம்ப்யூட்டரை விற்றால்கூட அவ்வளவு கிடைக்காது!

'பாதிப் பேர் செய்கிறார்கள்' என்று அந்தப் பையன் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா?

அனுமதி உள்ள காப்பி!

எங்கள் பக்கத்துத் தெருவில் என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். அப்போது என்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். மறுநாளே கையில் ஒரு பென் டிரைவோடு வந்துவிட்டான்.

"டீச்சர், லினக்ஸ் போட்டுப் பார்ப்போமா?"

"அதுவும் காப்பியா தம்பி?"

"காப்பிதான் டீச்சர். ஆனால் அனுமதி உள்ள காப்பி! 'எடுத்துக்கொள், நண்பனுக்கும் கொடு' என்று அதைச் செய்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தக் காலத்தில் யார் சும்மா கொடுப்பார்கள்? அவன் பொறுமையாக விளக்கினான். அதை உங்களுக்கு என் பாணியில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் பல புரோகிராம்கள் வேலை செய்கின்றன. ஒன்று எழுத, ஒன்று படம் வரைய, ஒன்று பாட்டுக் கேட்க. இவை எல்லாவற்றையும் மேய்ப்பதற்கு ஒரு தலைமை ஆசிரியர் வேண்டாமா? யாருக்கு எந்த அறை, யாருக்கு எவ்வளவு நேரம், எப்போது மணி அடிப்பது என்று பார்த்துக்கொள்ளும் அந்தத் தலைமை ஆசிரியருக்குத்தான் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று பெயர். தமிழில் இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸும் ஓர் இயங்குதளம்.

வித்தியாசம் என்ன? வாசலில் போடும் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிக் கோலமும் ஸ்டிக்கர் கோலமும்

மார்கழி மாதம் உங்கள் அம்மா வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறார். எதிர்வீட்டு அக்கா வந்து பார்க்கிறார். '15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி' என்று எண்ணி, நோட்டில் வரைந்துகொள்கிறார். மறுநாள் அவர் வாசலில் அதே கோலம், ஆனால் நடுவில் ஒரு மயில் கூடியிருக்கிறது! உங்கள் அம்மா கோபித்துக்கொள்வாரா? 'மயில் நன்றாக இருக்கிறதே' என்று அதை இவர் எடுத்துக்கொள்வார்.

கடையில் ஸ்டிக்கர் கோலமும் விற்கிறது. அழகாகத்தான் இருக்கும். ஒட்டலாம், பார்க்கலாம். ஆனால் புள்ளி எத்தனை, கோடு எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. ஒரு இதழைக்கூட மாற்ற முடியாது.

புரோகிராமுக்கும் புள்ளிக் கணக்கு உண்டு. அதற்கு 'சோர்ஸ் கோட்' என்று பெயர். தமிழில் மூல நிரல். அதை எல்லாருக்கும் திறந்து காட்டினால் அது 'ஓப்பன் சோர்ஸ்'. மூடி வைத்தால் ஸ்டிக்கர் கோலம்.

திறந்த புரோகிராமில் நான்கு சுதந்திரங்கள் உண்டு.

1. எதற்காக வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

2. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக் கற்கலாம். தேவைக்கேற்ப மாற்றலாம்.

3. பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.

4. நாம் மாற்றிச் செம்மைப்படுத்தியதையும் பிறருக்குக் கொடுக்கலாம்.

ஆங்கிலத்தில் இதை 'ஃப்ரீ' என்று சொல்லிவிட்டு, 'இலவசமா, சுதந்திரமா?' என்று விளக்கம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன! 'கட்டற்ற மென்பொருள்' என்று தமிழில் அழகாகச் சொல்கிறோம். பெரும்பாலும் அது இலவசமாகவும் கிடைக்கிறது.

ஒரு பிரிண்டர் செய்த வேலை

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? காகிதம் மாட்டிக்கொண்ட ஒரு பிரிண்டரில்!

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால், 'வந்து சரிசெய்யுங்கள்' என்று காத்திருப்பவர்களின் கம்ப்யூட்டருக்குச் செய்தி வரும்படி அவர் புரோகிராமை மாற்றி வைத்திருந்தார். பிறகு புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. ஆனால் இந்த முறை அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. மூல நிரலைத் தரவில்லை! அது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து நேரில் போய்க் கேட்டார். 'யாருக்கும் தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்' என்று அவர் மறுத்துவிட்டார்.

தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லக்கூடாதா? ஸ்டால்மனுக்கு அது பொறுக்கவில்லை. 1983 செப்டம்பரில், எல்லாரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒரு முழு இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கு 'குனூ' என்று பெயர் வைத்தார். 1989-ல் 'ஜி.பி.எல்.' என்ற உரிமப் பத்திரத்தையும் வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: எடுத்துக்கொள், மாற்று, பிறருக்கும் கொடு. ஆனால் நீ கொடுக்கும்போது இதே சுதந்திரத்தையும் சேர்த்துக் கொடு!

வீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. நடுத்தூண் மட்டும் பாக்கி. அந்தத் தூணை நட்டவர் ஒரு கல்லூரி மாணவர்.

தாத்தாவின் மடியில் ஒரு பேரன்

பின்லாந்து நாட்டின் தலைநகரம் ஹெல்சிங்கி. அங்கே லியோ டோர்ன்குவிஸ்ட் என்ற புள்ளியியல் பேராசிரியர் இருந்தார். அவர் கணக்குப் போடுவதற்காக 'விக்-20' என்ற சின்னக் கம்ப்யூட்டரை வாங்கினார். அதன் நினைவகம் எவ்வளவு தெரியுமா? வெறும் 5 கிலோபைட்! இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது.

தாத்தாவுக்கு டைப் செய்வது சிரமமாக இருந்தது. புரோகிராமைக் காகிதத்தில் எழுதி, பேரனை மடியில் உட்கார வைத்து டைப் செய்யச் சொல்வார். டைப் செய்து செய்து, பேரனே சொந்தமாகப் புரோகிராம் எழுத ஆரம்பித்துவிட்டான். அந்தப் பேரன்தான் லினஸ் டோர்வால்ட்ஸ்.

1991-ல் லினஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்காகத் தானே ஓர் இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுத ஆரம்பித்தார். ஆகஸ்ட் 25-ஆம் தேதி இன்டர்நெட் வழியாக அதை மற்றவர்களுக்கும் தெரிவித்தார். 'பொழுதுபோக்காகத்தான் செய்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது' என்ற கருத்தில் எழுதியிருந்தார். அப்போது அவருக்கு வயது 21!

முதல் பதிப்பில் சுமார் பத்தாயிரம் வரிகள் இருந்தன. உலகெங்கும் இருந்து ஆளுக்கொரு கோடு இழுக்க, கோலம் பெரிதாகிக்கொண்டே போனது. இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. 1992-ல் லினஸ் அதை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டார். ஸ்டால்மன் கட்டிய வீட்டுக்குத் தூண் கிடைத்தது.

சரி, பென்குவின் எங்கே? லினக்ஸின் சின்னமே பென்குவின்தான். பெயர் டக்ஸ். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். 1996-ல் லாரி யூயிங் என்பவர் 'கிம்ப்' என்ற திறந்த மென்பொருளிலேயே அதை வரைந்தார். ஆஸ்திரேலியாவில் ஒரு குட்டிப் பென்குவின் லினஸின் விரலைக் கடித்ததாம். அதிலிருந்து அவருக்குப் பென்குவின் மேல் ஒரே பிரியம்!

நான் செய்த தவறு

கதைக்குத் திரும்புவோம். அந்தத் தம்பி பென் டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரை ஆன் செய்தான். என்ன ஆச்சரியம்! உள்ளே இருந்த எதையும் தொடாமல், பென் டிரைவில் இருந்தே லினக்ஸ் ஓடியது. 'லைவ்' என்று இதைச் சொல்கிறார்கள். புது டிரஸ்ஸைக் கடையிலேயே போட்டுப் பார்ப்பது மாதிரி! பிடிக்கவில்லையென்றால் பென் டிரைவை எடுத்துவிடலாம். பழையபடி ஆகிவிடும்.

எனக்குப் பிடித்துவிட்டது. 'நிரந்தரமாகவே போட்டுவிடு' என்றேன்.

"எல்லா ஃபைலையும் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டீர்களா டீச்சர்? இதைப் போட்டால் பழையதெல்லாம் அழிந்துவிடும்."

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. போடு தம்பி."

சரிபார்க்காமல் சொன்னேன் குழந்தைகளே! 'டாக்குமெண்ட்ஸ்' என்ற ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்திருந்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் சேர்த்து வந்த விடுகதைகள் அதில் இல்லை. டெஸ்க்டாப்பில் தனியாக வைத்திருந்தேன். மொத்தம் 212 விடுகதைகள்! தெருப் பிள்ளைகள் சொன்னவை, பூக்காரம்மா சொன்னவை, எதிர்வீட்டுப் பாட்டி சொன்னவை. அந்தப் பாட்டி அந்த ஆண்டு தை மாதம்தான் காலமாகியிருந்தார். இனி யாரிடம் போய்க் கேட்பது?

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. தவறு லினக்ஸ் மேல் இல்லை. அந்தத் தம்பி மேலும் இல்லை. 'எடுத்து வைத்தாயா?' என்று கேட்டபோது பார்க்காமலே 'ஆமாம்' என்றேனே, அந்த நாக்கின் மேல்தான்.

மறுநாள் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னேன். ஏழாம் வகுப்புச் சிறுமி, "திரும்பச் சேர்த்துவிடலாம் டீச்சர்! ஆளுக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்வோம்" என்றாள். தினமும் மாலை படிப்பு முடிந்ததும் அரை மணி நேரம் விடுகதை நேரம். ஒருவர் சொல்ல ஒருவர் டைப் செய்வார்.

யார் அதிகம் சொன்னது தெரியுமா? கணக்கைக் காப்பி அடித்த அந்தப் பையன்! பாட்டி சொன்ன விடுகதைகளில் மட்டும் 31 அவனுக்கு மனப்பாடம். யார் நோட்டையும் பார்க்காமல் கடகடவென்று ஒப்பித்தான். அன்றைக்கு அவனை அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்துப் பேசியதற்காக, அதே அத்தனை பேர் முன்னால் நான் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன்.

163 விடுகதைகள் திரும்பி வந்தன. 49 போனவை போனவைதான்.

அம்மாவுக்கு நான்கே தட்டல்

விடுகதைகளை மறுபடி டைப் செய்தபோதுதான் லினக்ஸில் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டோம். 'தமிழ் 99' என்ற விசைப்பலகை முறையைப் பயன்படுத்தினோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான முறை இது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய் வரிசை எழுத்துகள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். 247 எழுத்துகளுக்கும் 247 விசைகள் வேண்டாம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்! ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே வந்துவிடும். பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். எனக்குத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.

வேறு என்னென்ன செய்கிறோம் என்று கேட்கிறீர்களா? இதோ!

எழுதவும் கணக்குப் போடவும் 'லிப்ரே ஆபீஸ்'. வீட்டு வரவு செலவு, பால் கணக்கு, வினாத்தாள் எல்லாம் அதில்தான். இதன் ஆதி மூலம், ஜெர்மனியில் மார்கோ போரிஸ் என்ற 16 வயதுப் பையன் 1985-ல் தொடங்கிய கம்பெனி! அது கை மாறி, 2000-ல் திறந்த மென்பொருளாகி, 2010-ல் லிப்ரே ஆபீஸ் என்று புதுப் பெயர் பெற்றது.

படம் வரைய 'டக்ஸ் பெயின்ட்'. 2002-ல் சின்னக் குழந்தைகளுக்காகவே செய்தது. முத்திரை குத்தலாம், வானவில் பூசலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் வரும். எங்கள் தெரு ஒன்றாம் வகுப்புப் பட்டாளம் அதை விட்டு எழுந்திருக்காது.

விளையாடிக்கொண்டே படிக்க 'ஜிகாம்ப்ரி'. 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் ஒலியிலிருந்து வந்த பெயர் இது. நல்ல பெயர் இல்லையா?

வீடியோ பார்க்க 'வி.எல்.சி.' பிரான்சில் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கியது. அதன் சின்னம் சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு. அந்த மாணவர்கள் அப்படிப்பட்ட கூம்புகளைச் சேகரித்து வைத்திருந்தார்களாம்!

வானம் பார்க்க 'ஸ்டெல்லேரியம்'. நம் ஊரையும் தேதியையும் கொடுத்தால், அன்றைய வானம் அப்படியே திரையில் வரும். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒட்டி நிற்பதுபோல் நெருங்கி வந்தன. அதை ஒரு வாரம் முன்பே திரையில் பார்த்துவிட்டோம். அன்று மாலை மாடியில் ஆளுக்கு ஆள் தள்ளி நின்று, தென்மேற்கே பார்த்தோம். திரையில் பார்த்த அதே இடத்தில் இரண்டும்! பிள்ளைகள் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

கறுப்புத் திரையில் ஒரு மாயம்

லினக்ஸில் 'டெர்மினல்' என்று ஒன்று இருக்கிறது. கறுப்புத் திரை. மவுஸ் வேண்டாம், எழுதியே கட்டளை கொடுக்கலாம். எஃப், ஏ, சி, டி, ஓ, ஆர் என்று ஆறு எழுத்துகளைச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். ஓர் இடம் விட்டு 1001 என்று தட்டி, எண்டரை அழுத்துங்கள். கண் சிமிட்டும் நேரத்தில் 7, 11, 13 என்று விடை வரும். அவை 1001-ன் பகாக் காரணிகள்! 7-ஐ 11-ஆல் பெருக்கினால் 77. அதை 13-ஆல் பெருக்குங்கள், 1001 வருகிறதா? முதலில் நோட்டில் போட்டுவிட்டு, விடை சரிபார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் இதுவும் காப்பிதான்!

எல்லாம் சுகம் இல்லை

டீச்சர் ஒரு பக்கம் மட்டும் பேசக்கூடாது அல்லவா? சங்கடங்களையும் சொல்கிறேன். என் பழைய பிரிண்டர் இரண்டு நாள் முரண்டு பிடித்தது. சில பிரபலமான விளையாட்டுகள் லினக்ஸில் ஓடாது. சில அலுவலகங்கள், கல்லூரிகள் கேட்கும் குறிப்பிட்ட மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே வரும். வேறு கம்ப்யூட்டரில் செய்த ஃபைலைத் திறந்தால், சில நேரம் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். லினக்ஸுக்கு வைரஸ் தொல்லை குறைவு. ஆனால் கண்ட இடத்திலிருந்து எதையும் இறக்கக்கூடாது என்ற விதி இதற்கும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து முறையாக வாங்கிய மென்பொருளைப் பயன்படுத்துவதில் எந்தத் தவறும் இல்லை. அதைச் செய்தவர்களின் உழைப்புக்கு அது கூலி. காசும் கொடுக்காமல், அனுமதியும் இல்லாமல் எடுத்துக்கொள்வதுதான் தவறு.

உங்கள் அருகிலும் லினக்ஸ்

'இதெல்லாம் எங்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது?' என்கிறீர்களா? உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? அதன் மையப் பகுதி லினக்ஸ்தான்! சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை 2007-ல் வெளியிட்டது. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சேர்த்து இந்த பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பக்கத்தில் கேரளத்திலோ, அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடக்கிறது.

அவ்வளவு ஏன்? 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கிரகத்தில் 'இன்ஜெனுயிட்டி' என்ற குட்டி ஹெலிகாப்டர் பறந்ததே, அதிலும் லினக்ஸ் இருந்தது!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பல பழைய கம்ப்யூட்டர்களில் அதற்கு அடுத்த பதிப்பு ஏறாது. ஆகவே பல வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் பரணுக்கோ, பழைய இரும்புக் கடைக்கோ போகப் பார்க்கிறது. அதற்கு முன் லினக்ஸைப் போட்டுப் பார்க்கலாமே! என் கம்ப்யூட்டரில் 'லினக்ஸ் மின்ட்' என்ற வகையின் 'எக்ஸ்.எஃப்.சி.இ.' பதிப்பு இருக்கிறது. பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்றது. நினைவகத்தை மட்டும் 2 ஜிபியிலிருந்து 4 ஜிபியாகக் கூட்டினேன். ஜம்மென்று ஓடுகிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

ஆனால் சில நிபந்தனைகள்! இதைத் தனியாகச் செய்யக்கூடாது. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாராவது கூட இருக்க வேண்டும். பள்ளிக் கம்ப்யூட்டரிலோ அடுத்தவர் கம்ப்யூட்டரிலோ கேட்காமல் கை வைக்கக்கூடாது.

* 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். காலியானதுதானா என்று பாருங்கள்.

* பெரியவர் உதவியோடு லினக்ஸ் மின்ட்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். 'எட்சர்' போன்ற ஒரு புரோகிராம் மூலம் அதைப் பென் டிரைவில் எழுதுங்கள். வெறுமனே காப்பி-பேஸ்ட் செய்தால் வேலை செய்யாது.

* கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதற்கான விசை எஃப்-12 ஆகவோ, எஃப்-2 ஆகவோ, வேறொன்றாகவோ இருக்கலாம். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும்.

* ஒரு வாரம் 'லைவ்' முறையில் மட்டும் பழகுங்கள். படம், ஒலி, இன்டர்நெட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

* நிரந்தரமாகப் போடுவதென்றால், அதற்கு முன் எல்லா ஃபைலையும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். டெஸ்க்டாப்பையும் பாருங்கள்! எடுத்து வைத்ததை ஒருமுறை திறந்தும் பாருங்கள். இந்த டீச்சர் 49 விடுகதைகளைக் கொடுத்து வாங்கிய பாடம் இது.

எங்கள் விடுகதைத் தொகுப்பு இப்போது 240-ஐத் தாண்டிவிட்டது. ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி அந்தச் சிறுமியின் வீட்டில். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஆனாலும் பென் டிரைவைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். தொகுப்பின் முதல் பக்கத்தில் பிள்ளைகளே சேர்ந்து எழுதிய வரி ஒன்று இருக்கிறது: 'யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம். புதிய விடுகதை தெரிந்தால் சேர்த்து, அடுத்தவருக்கும் கொடுங்கள்.'

அதில் கடைசியாகச் சேர்ந்த விடுகதையைச் சொல்லட்டுமா? எங்கள் தெருவில் நான்காம் வகுப்புப் படிக்கும் வாண்டு ஒன்று சொந்தமாகச் சொன்னது.

'கறுப்புக் கோட்டுக்காரன், வெள்ளைத் தொப்பைக்காரன், பறவைதான், பறக்கமாட்டான், பழைய பெட்டிக்குள்ளே குடியிருப்பான். அவன் யார்?'

விடை உங்களுக்கே தெரியும்! நீங்களும் உங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தாவிடம் கேட்டு, இந்த வாரம் பத்து விடுகதை எழுதி வையுங்கள். நோட்டில் எழுதினாலும் சரி, கம்ப்யூட்டரில் எழுதினாலும் சரி. ஆனால் இரண்டு பிரதி எடுக்க மறக்காதீர்கள்!